ஒரு தேதியை யார் எழுதுவது?

2024 செப்டம்பரில் மிலாடி நபி விடுமுறை ஒரு நாள் தள்ளிப்போனது. அரசு முன்கூட்டியே வெளியிட்டிருந்த ஆண்டுப் பட்டியலில் அது 16ஆம் தேதி, திங்கட்கிழமை. பிறை தென்படாததால் தலைமை காஜி 17ஆம் தேதி என்று அறிவிக்க, தமிழக அரசும் விடுமுறையைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றியது. சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டருக்கு இது தெரிய வழியில்லை. சிவகாசி அச்சகங்கள் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்றே வெளியிட்டுவிடுகின்றன. அச்சேறிய தாள் அச்சேறியதுதான். ஃபோனிலும் லேப்டாப்பிலும் இருக்கும் காலண்டருக்கு அந்த விலக்கைத் தர முடியாது. தேதி மாறினால் எல்லாத் திரைகளிலும் மாற்றித் தருவேன் என்பதே அது கொடுத்த வாக்கு. அந்த வாக்கை எந்த அளவுக்குக் காப்பாற்றுகிறது, எங்கே தவறுகிறது, தவறும்போது பொறுப்பு யாருடையது என்பதைத் தாம்பரத்தை வைத்து எடைபோட்டுப் பார்க்கிறேன்.

தாம்பரம் இதற்குப் பொருத்தமான ஊர். இங்கே ஒரு குடும்பத்தின் நாள் பல அதிகாரங்களுக்குக் கட்டுப்பட்டது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு ஓ.எம்.ஆரில் வேலை, அமெரிக்க வாடிக்கையாளர். அவருடைய நாள் முழுவதும் அலுவலக லேப்டாப்பின் அவுட்லுக்கில் இருக்கிறது. மனைவி குரோம்பேட்டையில் ஆசிரியை. பள்ளிச் சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில் படமாக வர, அவர் தன் ஆண்ட்ராய்டு ஃபோனில் குறித்துக்கொள்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் கையில் ஐபேட். மாமியார் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு மாதந்தோறும் போகிறவர். அவர் நம்புவது சுவர்க் காலண்டரை. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு நால்வரும் போக முடியுமா என்று சொல்ல இந்த நான்கு இடங்களையும் பார்த்தாக வேண்டும். "ஏங்க, வியாழக்கிழமை அம்மாவுக்கு டாக்டர்னு போட்டிருந்தேனே, உங்களுக்கு வரலையா?" என்ற கேள்வி இந்த வீடுகளில் அடிக்கடி எழுவது கவனக்குறைவால் மட்டும் அல்ல.

சுவர்க் காலண்டரையே முதலில் எடைபோட வேண்டும். கேஸ் சிலிண்டர் வந்த நாள், பால் வராத நாள், சீட்டுப் பணம் கட்டிய நாள் எல்லாம் பேனாவால் அதில் எழுதப்படுகின்றன. பிரதிகளை ஒத்துப்போகச் செய்யும் சிங்க் என்ற பிரச்சினையே அதற்குக் கிடையாது. உலகத்தில் அதற்கு ஒரே பிரதிதான். அதில் அடித்துத் திருத்தினால் வீட்டில் எல்லோருக்கும் திருத்தியாயிற்று. யார் எழுதினார்கள் என்பது கையெழுத்திலேயே தெரியும். சோழிங்கநல்லூரில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்க்க முடியாது என்பது அதன் பெரிய குறை. இணைய நாட்காட்டி இந்தக் குறையைத் தீர்க்க வந்தது. ஒரே பிரதி என்ற அந்த அருமையான குணத்தை இழக்காமல் தூரத்தை மட்டும் வென்றிருக்கிறதா என்பதே நான் வைக்கும் அளவுகோல். அழகு, வண்ணம், குரலில் பேசிக் குறிக்கும் வசதி எதையும் கணக்கில் எடுக்கவில்லை.

அடித்தளம் சரியாகவே போடப்பட்டது. ஒரு நிகழ்வை எப்படி எழுதுவது என்பதற்கான ஐகேலண்டர் என்னும் பொது வடிவம் 1998இல் வந்தது, 2009இல் திருத்தப்பட்டது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாளக் குறி வேண்டும் என்பது அதன் விதி. டாக்டரைப் பார்க்கும் நேரம் நாலு மணியிலிருந்து ஐந்துக்கு மாறினால், அதே குறியோடு புது நேரம் போகும். பெறுகிற கருவி பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். 2007இல் வந்த கால்டாவ் நெறிமுறை இதன்மேல் கட்டப்பட்டது. நிகழ்வுகள் ஒரு சர்வரில் இருக்கும்; எல்லாக் கருவிகளும் அங்கே போய்ப் படிக்கும், எழுதும். சர்வர் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு பதிப்புக் குறி வைத்திருக்கும். நான் படித்த பிறகு நீங்கள் திருத்திவிட்டால், என் திருத்தம் பழைய குறியோடு போய் நிற்கும். சர்வர் அதை ஏற்காமல், புதியதைப் படித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பும். இந்த மறுப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். இரண்டு பேர் ஒரே வரியில் கைவைக்கும்போது ஒருவர் எழுதியது சத்தமில்லாமல் அழிந்துபோகாமல் காப்பது அதுதான்.

இவ்வளவும் இருந்தும் வீடுகளில் தேதிகள் முரண்படுவதற்கு முதல் காரணம், நகலெடுப்பதைச் சிங்க் என்று எண்ணிக்கொள்வது. தேர்வு அட்டவணையைப் பார்த்து ஃபோனில் தட்டினால் அது நகல். மீட்டிங்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டால் அதுவும் நகல். ஐகேலண்டர் வடிவில் இருக்கும் ஐ.சி.எஸ். கோப்பை இறக்கிக் கூகுள் காலண்டரில் ஏற்றினால்கூட நகல்தான்; மூலம் மாறினால் ஏற்றியது மாறாது. அந்தக் கோப்பின் இணைய முகவரியைக் கொடுத்துச் சந்தா செய்தால் மட்டுமே மூலத்தோடு தொடர்பு நீடிக்கும். மாதக் கட்டத்தில் இரண்டும் ஒரே மாதிரி வண்ணப் பட்டையாகத் தெரியும். எது மூலத்தோடு கட்டப்பட்டது, எது அறுந்து நிற்பது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் அடையாளம் ஏதும் அதில் இல்லை. இதைச் சிறிய வடிவமைப்புக் குறை என்று என்னால் விட முடியவில்லை. பயனாளர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சந்தாவிலும் ஒரு பலவீனம் உண்டு. கூகுள் காலண்டர் வெளி முகவரியிலிருந்து எடுக்கும் சந்தாக்களில் மாற்றம் தெரிய 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளின் உதவிப் பக்கமே சொல்கிறது. இப்போதே புதுப்பி என்று சொல்ல அதில் பொத்தான் கிடையாது. ஆப்பிளின் மேக் கணினியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, மணிக்கு ஒருமுறை என்று நாமே வைத்துக்கொள்ளலாம். ஆண்டு விடுமுறைப் பட்டியலுக்கு 12 மணி நேரம் போதும். காலை ஆறு மணிக்கு வரும் மழை விடுமுறைக்கு அது எந்தப் பயனும் தராது.

அமெரிக்க மீட்டிங்குக்கு வருவோம். நகலுக்கும் சிங்குக்கும் உள்ள தூரம் இங்கேதான் நன்றாகத் தெரிகிறது. நியூயார்க்கில் காலை 9.30க்கு வாராந்திரக் கூட்டம் என்றால் கோடையில் நமக்கு இரவு 7 மணி. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்ததும் அது நமக்கு இரவு 8 மணி. நியூயார்க் நேரத்தில் உருவான நிகழ்வு அழைப்பாக வந்து அவுட்லுக்கில் உட்கார்ந்திருந்தால், இந்த மாற்றம் தானாகவே நடக்கும். நேர மண்டலத்தின் பெயர் நிகழ்வுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதே கூட்டத்தை மனைவிக்குத் தெரியட்டும் என்று வீட்டுக் காலண்டரில் கையால் '7 மணி' என்று வாரந்தோறும் திரும்பும்படி போட்டிருந்தால், நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒவ்வொரு வாரமும் அது தப்பு. மகளை டியூஷனிலிருந்து யார் கூட்டிவருவது என்ற ஏற்பாடு அந்த ஒரு மணி நேரத்தில் குலையும். ஐரோப்பிய வாடிக்கையாளரும் இருந்தால் இன்னும் சிக்கல். அவர்கள் அக்டோபர் கடைசி ஞாயிறன்றே மாற்றிவிடுகிறார்கள். இந்தச் சோதனையில் தொழில்நுட்பம் முழு மதிப்பெண் வாங்குகிறது, கை வைத்த நகல் தோற்கிறது.

முழு நாள் நிகழ்வில் நிலைமை தலைகீழ். பிறந்தநாளுக்கு நேர மண்டலம் கிடையாது. அது தேதி மட்டுமே. ஐகேலண்டர் விதியும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் சில செயலிகள் அதை கிரீனிச் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை என்று சேமித்து அனுப்புகின்றன. நம் ஃபோனில் அது காலை 5.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 5.30 வரை நீளும். காலண்டரில் எங்கே 5.30 என்ற விநோத நேரம் தென்பட்டாலும், வழியில் ஏதோ ஒரு செயலி விதியை மீறியிருக்கிறதா என்று தேடலாம். பொது வடிவம் ஒன்று இருப்பதும், எல்லோரும் அதை ஒழுங்காகப் பின்பற்றுவதும் வேறு வேறு.

அலுவலக அவுட்லுக்கையும் வீட்டுக் கூகுளையும் சேர்ப்பதுதான் இந்தப் பகுதியில் பலர் முட்டிக்கொள்ளும் சுவர். அவுட்லுக் தன் எக்ஸ்சேஞ்ச் சர்வரோடு அழகாகப் பேசும். கால்டாவ் அதற்குத் தானாகப் பேச வராது, வெளியார் எழுதிய செருகுநிரல் வேண்டும். அலுவலக லேப்டாப்பில் அப்படி எதையும் நிறுவ ஐ.டி. பிரிவு விடாது, விடக்கூடாது. அதனால் சிலர் இரண்டு காலண்டர்களுக்கும் நடுவே பாலம் போடும் சேவைகளை நாடுகிறார்கள். இங்கே போட்டது அங்கே, அங்கே போட்டது இங்கே என்று இருபக்கமும் எழுதும் பாலங்கள்.

இந்த இருவழிப் பாலங்களை நான் முழுமையாக நிராகரிக்கிறேன். பாலம் ஒரு நிகழ்வைத் தூக்கிச் செல்லும்போது பெரும்பாலும் மறுபக்கத்தில் புதிய அடையாளக் குறியோடு வேறொரு நிகழ்வை உருவாக்குகிறது. இரண்டும் ஒன்று என்ற நினைவு பாலத்தின் குறிப்பேட்டில் மட்டுமே இருக்கிறது. குறிப்பேடு தொலைந்தாலோ, பாலத்தைக் கழற்றி மறுபடி மாட்டினாலோ, ஒவ்வொரு மீட்டிங்கும் இரண்டிரண்டாக நிற்கும். திரும்பத் திரும்ப வரும் நிகழ்வுகள் இன்னும் மோசம். வாரந்தோறும் புதன்கிழமை என்ற தொடரில் இந்த ஒரு புதனை மட்டும் வியாழனுக்கு மாற்றுவது ஒருவகைத் திருத்தம். 'இதிலிருந்து இனி எல்லாமே' என்று மாற்றுவது இன்னொரு வகை. இரண்டாவதில் கூகுள் பழைய தொடரை அங்கேயே முடித்துப் புதுத் தொடர் ஒன்றைத் தொடங்கிவிடுகிறது. நடுவில் நிற்கும் பாலம் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையென்றால் பழைய புதன்கிழமை மறுபக்கத்தில் போகாமல் தங்கிவிடும். இவை போக, அலுவலக மீட்டிங்கின் தலைப்பும், கலந்துகொள்பவர் பெயர்களும், உள்ளே ஒட்டப்பட்ட விவரங்களும் மூன்றாவது நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகின்றன. எனக்கு இந்த நேரத்தில் வேலை இருக்கிறது என்று மனைவிக்குத் தெரிந்தால் போதும். வாடிக்கையாளர் யார் என்று தெரிய வேண்டியதில்லை. அலுவலகம் அனுமதித்தால், நேரம் நிரம்பியிருக்கிறதா காலியா என்பதை மட்டும் படிக்கத் தரும் முகவரியை அவுட்லுக்கிலிருந்து வெளியிட்டு, வீட்டுக் காலண்டர் அதைச் சந்தா செய்யலாம். ஒருவழிப் பாதை, எழுதும் உரிமை அலுவலகத்திடமே இருக்கும். அது போதுமானது, பாதுகாப்பானது.

இந்தச் சுவர் இயற்கையாக எழுந்ததல்ல, நிறுவனங்கள் எழுப்பியது. 2013 மார்ச்சில் கூகுள், தன் கால்டாவ் வாயிலைத் தான் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டுமே திறந்து வைக்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் ஜூனில் பின்வாங்கியது. அன்று அது நடந்திருந்தால் இன்று தண்டர்பேர்டிலும் சிறு நிறுவனங்களின் செயலிகளிலும் கூகுள் காலண்டரைத் திறக்க அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். ஐபேட் கால்டாவை உள்ளேயே வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு இன்றுவரை வைக்கவில்லை, டேவ்எக்ஸ்5 போன்ற தனிச் செயலி நிறுவ வேண்டும். திறந்த நெறிமுறை என்பது நம் தேதிகளை எடுத்துக்கொண்டு வேறிடம் போகும் உரிமை. அதைக் கொடுத்து வைத்திருப்பவர் ஓர் அறிவிப்பில் திரும்ப எடுக்க முயன்றதை மறக்கக்கூடாது.

வீட்டுக்குள் நடக்கும் சிங்கைப் பற்றிப் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பகிர்வுக் காலண்டர், பெரியவர்களுக்குத் திருத்தும் உரிமை, மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமை என்று வைத்தால் ஆண்ட்ராய்டும் ஐபேடும் லேப்டாப்பும் ஒன்றையே காட்டுகின்றன. ஃபோனின் பேட்டரி சேமிப்பு பின்னணி வேலைகளை நிறுத்திவிடுவதால் வரும் தாமதமும் பல 'சிங்க் ஆகல' புகார்களுக்குக் காரணம். அமைப்புகளில் காலண்டருக்கு விலக்கு கொடுத்தால் தீரும்.

வெள்ளத்தில் இது எப்படி என்பது தென்சென்னைக்காரர்கள் கேட்டாக வேண்டிய கேள்வி. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, செல்ஃபோன் சிக்னலும் இல்லை. ஃபோனுக்குள் முழுப் பிரதியை வைத்திருக்கும் செயலி அப்போதும் டயாலிசிஸ் தேதியையும் மருந்து வாங்க வேண்டிய நாளையும் காட்டும். பிரவுசரில் மட்டும் காலண்டர் பார்த்துப் பழகியவருக்கு வெற்றுத் திரைதான் மிஞ்சும். சிக்னல் திரும்பியதும் இதற்கிடையே இருவர் ஒரே நிகழ்வைத் திருத்தியிருந்தால் என்னாகும் என்பதில், முன்பு சொன்ன பதிப்புக் குறி வேலைசெய்யும். ஆனால் பல செயலிகள் சர்வர் மறுத்ததை நமக்குச் சொல்லாமல், சர்வரில் இருப்பதையே வைத்துக்கொண்டு நம் திருத்தத்தை விட்டுவிடுகின்றன. சர்வர் நேர்மையாக மறுத்ததைச் செயலி மறைப்பது நியாயம் இல்லை.

இதுவரை பார்த்தவற்றில் தொழில்நுட்பம் சில தழும்புகளோடு தேறிவிட்டது. இனி வருவதில்தான் தோல்வி; அதற்குப் பொறுப்பு மென்பொருள் அல்ல.

மழை விடுமுறையை எடுத்துக்கொள்வோம். அதை அறிவிப்பவர் மாவட்ட கலெக்டர். தாம்பரமும் பல்லாவரமும் 2019இல் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கின்றன. வேளச்சேரியும், 2018 விரிவாக்கத்தில் சேர்ந்த சோழிங்கநல்லூரும் சென்னை மாவட்டத்தில். குன்றத்தூர் காஞ்சிபுரம் மாவட்டம். மேடவாக்கம் சாலையில் ஒரே மேகம் எல்லார் தலையிலும் பெய்கிறது; ஒரு கலெக்டர் விடுமுறை விடுகிறார், அடுத்தவர் விடுவதில்லை. ஒருவர் பள்ளிகளுக்கு மட்டும் என்கிறார், இன்னொருவர் பள்ளி கல்லூரி இரண்டுக்கும் என்கிறார். நம் ஆசிரியை வேலைசெய்யும் பள்ளி ஒரு மாவட்டத்திலும் மகளின் கல்லூரி இன்னொன்றிலும் இருந்தால், ஒரே வீட்டுக்கு அன்று காலை இரண்டு அறிவிப்புகள் வேண்டும். அவை தொலைக்காட்சியின் கீழ்ப்பட்டையிலும் சமூக ஊடகப் பதிவாகவும் வாட்ஸ்அப் படமாகவும் வருகின்றன. போன வருடத்துப் படத்தைத் தேதியை வெட்டிவிட்டு யாரோ அனுப்பியதும் கூடவே வருகிறது. அதிகாலை ஐந்தரைக்கு எழுந்து சமைத்து, ஆறே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்துக்கு நிற்கிற வீடுகளுக்கு இந்தக் குழப்பத்தின் விலை அதிகம்.

இந்த அறிவிப்பு ஏன் காலண்டருக்கு வருவதில்லை? நிர்வாகம் அதை மனிதர் படிக்கும் பத்தியாகவோ படமாகவோதான் தருகிறது. ஆண்டுப் பொது விடுமுறைப் பட்டியலும் பி.டி.எஃப். அரசாணையாக வருகிறது. அதைப் பார்த்து யாரோ ஒருவர், எந்த நிறுவனத்திலோ, தட்டச்சு செய்தால்தான் நம் திரையில் விடுமுறை தெரியும். 2023இல் விநாயகர் சதுர்த்தி விடுமுறையைச் செப்டம்பர் 17லிருந்து 18க்கு அரசு மாற்றியபோதும், மறு ஆண்டு மிலாடி நபி மாறியபோதும், அந்த யாரோ ஒருவர் கவனித்தாரா என்பதை நம்பியே நம் காலண்டர் இருந்தது. பிரிட்டன் அரசின் இணையதளம் அந்நாட்டு வங்கி விடுமுறைகளை ஐ.சி.எஸ். கோப்பாகவே ஒரு நிலையான முகவரியில் தருகிறது. சந்தா செய்த கருவிகளுக்கு மூலம் அரசே. நடுவில் தட்டச்சு செய்பவர் எவருமில்லை.

ரயிலுக்கும் இதே கதை. டிக்கெட் எடுத்ததும் உறுதி மின்னஞ்சலைப் படித்து கூகுள் தானாகவே பயணத்தைக் காலண்டரில் போடக்கூடும். 2024 ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை தாம்பரம் யார்டு மறுசீரமைப்புக்காக ஏராளமான ரயில்கள் ரத்தாயின, பல ரயில்கள் பாதியில் நின்றன. கடற்கரை மார்க்கத்தில் பராமரிப்புக்காக மின்சார ரயில்களை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமைகள் தாம்பரத்துக்காரருக்குப் புதிதல்ல. தெற்கு ரயில்வே இவற்றைச் செய்திக்குறிப்பாகத் தருகிறது. முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாக 2024 நவம்பர் 1 முதல் குறைந்ததும் அப்படியே: தீபாவளிக்கு ஊருக்குப் போக '120 நாள் முன்பு' என்று நினைவூட்டல் வைத்திருந்தவர் ஃபோனில் அது பழைய கணக்கிலேயே மணி அடிக்கும். காலண்டருக்குள் இருப்பது டிக்கெட்டின் நகல். டிக்கெட்டின் விதியை எழுதுகிறவர் வேறிடத்தில் இருக்கிறார்.

பஞ்சாங்கத் தேதிகள் இன்னும் ஆழமானவை. நட்சத்திரப் பிறந்தநாளும் அப்பாவின் திதியும் ஆண்டுக்கு ஆண்டு ஆங்கிலத் தேதியில் நகரும். ஐகேலண்டரில் கிரிகோரியன் அல்லாத நாட்காட்டிகளில் திரும்பவரும் நிகழ்வுகளை எழுத 2015இல் ஒரு விரிவாக்கம் வந்தது. அது யூனிகோட் அமைப்பின் நாட்காட்டிப் பட்டியலைச் சார்ந்தது. சீன, எபிரேய, இஸ்லாமிய, எத்தியோப்பிய நாட்காட்டிகள் அதில் உண்டு. 1957 மார்ச் 22 முதல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட சக நாட்காட்டியும் உண்டு. சித்திரை, வைகாசி என்று 29 முதல் 32 நாள் வரை நீளும் நம் சூரிய மாதங்கள் இல்லை. ஆகவே நாம் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் பார்த்துக் கையால் போடுகிறோம். எந்த நாளுக்கு எந்தத் திதி என்பது அந்தந்த ஊரின் சூரிய உதயத்தைப் பொறுத்தது என்பதால் கலிஃபோர்னியாவில் இருக்கும் மகனுக்கு அந்த நாள் வேறாகவும் ஆகலாம். சேலையூரில் போட்டு அங்கே பகிர்ந்த தேதி அவருக்குத் தவறாக இருக்கலாம்.

எந்தப் பஞ்சாங்கம் என்பது அடுத்த கேள்வி. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் பணியாற்றி, 1867இல் ஒரு மாறுவிண்மீனைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பழைய வாக்கிய முறையை விட்டு, கண்ணால் காணும் கிரக நிலைக்கேற்பப் பஞ்சாங்கம் கணிக்க வேண்டும் என்று பாடுபட்டார். அந்தப் பிளவு இன்றும் ஆறவில்லை. கண்ணால் காணும் நிலையைப் பின்பற்றும் திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலோ அன்று பெயர்ச்சி இல்லை, 2026இல்தான் என்று அறிவித்தது. எந்த நெறிமுறையாலும் இதைத் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது. யார் கணக்கைப் பின்பற்றுகிறோம் என்று குடும்பம் தெரிவு செய்ய, காலண்டர் அந்தத் தெரிவை மதித்து அந்த ஒரு மூலத்தைப் படித்தால் போதும்.

ஒரு மூலம், பல வாசகர்கள் என்ற ஏற்பாட்டுக்குச் சென்னையிலேயே பழைய சான்று உண்டு. 1792இல் அமைந்த அதே வானாய்வகத்தின் நேரம் தந்தி வழியாக ரயில்வேக்குப் போயிற்று. கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்த 'மெட்ராஸ் நேர'த்தில்தான் 1906க்கு முன் இந்திய ரயில்வேக்கள் ஓடின. எந்த நிலையத்துக் கடிகாரமும் பக்கத்து நிலையத்தோடு பேசித் தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை. எல்லாம் ஒரே இடத்தைப் படித்தன. மூலம் இரண்டானால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் தூரத்தில் இல்லை: 1996இல் இலங்கை அரசு கடிகாரத்தை முன்னே வைத்தபோது புலிகளின் பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. 2006 ஏப்ரலில் அரசு திரும்பி வரும்வரை, இரு பகுதிகளுக்கும் நடுவிலிருந்த ஓமந்தை சோதனைச் சாவடியைக் கடந்தவர்கள் அரை மணி நேரத்தையும் கடக்க வேண்டியிருந்தது.

சொந்த சர்வர் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள் சிலர். நெக்ஸ்ட்கிளவுட், ராடிகேல் போன்ற இலவச மென்பொருள்கள் கால்டாவை நன்றாகவே பேசுகின்றன. தெரிந்தவர் ஒருவர் பராமரித்தால் ஒரு கிளினிக்குக்கோ குடியிருப்போர் சங்கத்துக்கோ இது நல்ல வழி. மின்வெட்டும், பேக்கப்பும், பாதுகாப்புத் திருத்தங்களும் ஒருவர் தலையில் விழும் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ஒருவர் வெளியூர் போனால் குடும்பத்தின் நாட்காட்டியே நின்றுவிடும். எங்கே வைத்தாலும் ஓர் எச்சரிக்கை தேவை. கூகுள் காலண்டர் தரும் ரகசிய முகவரி யார் கையில் கிடைத்தாலும் முழுக் காலண்டரும் திறந்துவிடும். 'திருச்செந்தூர், மூன்று நாள்' என்ற வரி வீடு பூட்டியிருக்கும் நாளை அறிவிக்கிறது. அதை அபார்ட்மென்ட் குழுவில் ஒட்டக்கூடாது. ஒட்டிவிட்டிருந்தால் அந்த முகவரியை உடனே மாற்ற வேண்டும்.

என் தீர்ப்பு இது. குடும்பத்தின் சொந்த நிகழ்வுகளுக்கு இணைய நாட்காட்டி தன் வாக்கைக் காப்பாற்றுகிறது. சுவர்க் காலண்டரின் ஒற்றைப் பிரதிக் குணத்தை இழக்காமல் தூரத்தை வென்றிருக்கிறது. நிபந்தனை ஒன்று: ஒரு நிகழ்வுக்கு எழுதும் இடம் ஒன்றே இருக்க வேண்டும், மற்ற எல்லாம் அதைப் படிக்க வேண்டும். அந்த இடம் கூகுளாக இருந்தாலும் ஐகிளவுடாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, கால்டாவ் வாயில் திறந்திருக்கும்வரை. அலுவலகத்துக்கு ஒருவழிச் சந்தா சரி, இருவழிப் பாலம் கூடாது. பொதுத் தேதிகளில் அது தோற்கிறது. அந்தத் தோல்வியை நான் கூகுளின் கணக்கிலோ ஆப்பிளின் கணக்கிலோ எழுதவில்லை. தேதியை எழுதும் அதிகாரம் உள்ளவர்கள் அதை இயந்திரம் படிக்கும் வடிவில் எழுத மறுப்பதே காரணம்.

அதைச் சரிசெய்யப் பெரும் செலவு ஆகாது. ஐ.சி.எஸ். என்பது வெறும் எழுத்துக் கோப்பு. பொது விடுமுறைகளுக்கு அரசு ஒரு கோப்பு, மழை விடுமுறைக்கு மாவட்டத்துக்கு ஒரு கோப்பு, பராமரிப்பு நாள்களுக்குத் தெற்கு ரயில்வே மார்க்கத்துக்கு ஒரு கோப்பு என்று நிலையான முகவரிகளில் வைக்கலாம். தேதி மாறும்போது பழைய அடையாளக் குறியையே வைத்துக்கொண்டு தேதியைத் திருத்த வேண்டும். பள்ளிக்கு மட்டுமா, கல்லூரிக்கும் சேர்த்தா என்பது தலைப்பிலேயே இருக்க வேண்டும். கூகுள் தன் பங்குக்கு 12 மணி நேரத் தாமதத்தைக் குறைத்து, புதுப்பிக்கும் பொத்தானைத் தர வேண்டும். மூன்று மாவட்டங்களும் முட்டிக்கொள்ளும் இந்தப் பகுதியில், செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகம் அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்குள் தன் கோப்பை வெளியிட்டு, அதன் முகவரியை ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம்.